நிகேத் சொல்லிவிட்டுப் போனது

அத்தியாயம் 14

டாக்டர் சொன்னதை மந்தார் அண்ணன் எங்கள் வாசலுக்கு வெளியே நின்றபடியே சொன்னான். உள்ளே வரவில்லை. அம்மாவும் கூப்பிடவில்லை. அது போன சனிக்கிழமை.

அவனுடைய அம்மா எனக்குப் பெரியம்மா. கீழ்வீட்டில் இருக்கிறார். எங்கள் மராத்தியில் காகு என்றுதான் கூப்பிடுவோம். காகுவின் மூளையில் பேச்சு இருக்கும் இடம் மட்டும் மெல்ல மெல்லக் கரைந்துகொண்டிருக்கிறதாம். நினைவு அப்படியே இருக்கிறது. நாம் சொல்வது புரிகிறது. சொல்ல வேண்டியதும் உள்ளே இருக்கிறது. அதைச் சொல்வதற்கான வார்த்தைகள்தான் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. ஆரம்பித்து இரண்டு வருஷமாவது இருக்கும், இத்தனை நாள் யாருமே கவனிக்கவில்லையா என்று டாக்டர் கேட்டாராம்.

கவனிக்க யார் இருந்தார்கள்? பெரியப்பா போன பிறகு காகு தனியாகத்தான் இருக்கிறார். மந்தார் அண்ணன் பெங்களூரில். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் போன் செய்தால் காகு 'ம்' கொட்டுவார், சிரிப்பார். அம்மா சந்தோஷமாக இருக்கிறாள் என்று அவன் போனை வைத்துவிடுவான்.

ஆனால் தினமும் காலை ஆறரை மணிக்கு அவர் கண்ணை நேருக்கு நேர் பார்த்துச் சிரித்த ஒருத்தி உண்டு. என் அம்மா, சுலபா.

வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே பிடிபடுகிறது.

பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜூலை மாதம். என் அண்ணன் நிகேத்துக்கு இருபது வயது. கொட்டுகிற மழையில் நண்பர்களோடு சிம்மகட் மலைக்குப் போக வேண்டும் என்றான். அம்மா வண்டிச் சாவியை பீரோவில் வைத்துப் பூட்டினாள். இருவரும் கத்திக்கொண்டார்கள். அவன் கீழே போனான். மேலே நடந்த சண்டை தெரியாமல் காகு தன் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக் கொடுத்தார். மலையின் மூன்றாவது வளைவில் வண்டி வழுக்கியது.

பதின்மூன்றாம் நாள் காரியத்தில், உறவுக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்க, தண்ணீர்ச் சொம்போடு பக்கத்தில் வந்த காகுவிடம் அம்மா சொன்னாள்: "சாவி குடுத்த கையால எனக்குத் தண்ணி குடுக்காதீங்க."

அதற்குப் பிறகு காகு மூன்று தடவை மாடி ஏறி வந்தார். மூன்று தடவையும் ஒரே பேச்சு. "சுலபா, போறப்ப புள்ள ஒண்ணு சொல்லிட்டுப் போனான். அத மட்டும் கேட்டுக்க." மூன்று தடவையும் அம்மா கதவைச் சாத்தினாள். நான்காம் தடவை அவர் வரவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்பா இறந்தார். அம்மா தலை வாருவதை நிறுத்தினாள். பகல் முழுக்க ஜன்னலை மூடிப் படுத்திருந்தாள். நாலு பேர் நடுவில் கொண்டுபோய் விடுங்கள் என்று டாக்டர் சொன்னதால், நான்தான் அவளைப் பூங்காவின் சிரிப்பு வட்டத்தில் சேர்த்துவிட்டேன். முப்பது பெண்கள். பாதிப் பேர் கணவனை இழந்தவர்கள், மீதிப் பேரின் பிள்ளைகள் வெளிநாட்டில். அந்த வட்டத்தில் காகு ஏற்கெனவே இருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

காகுவைப் பார்த்ததும் அம்மா திரும்பியிருப்பாள். வட்டத்தை நடத்தும் தாம்லே டீச்சர் விடவில்லை. பள்ளியில் முப்பது வருஷம் டிரில் வாங்கியவர். அவர் கையைப் பிடித்து இழுத்தால் யாராக இருந்தாலும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். அங்கே ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்துச் சிரிக்க வேண்டும். ஒருத்தரையும் தாண்டிப் போகக் கூடாது.

அதனால் என் அம்மாவும் காகுவும் தினமும் ஒருவரையொருவர் பார்த்து வாய் விட்டுச் சிரித்தார்கள். ஏழேகால் மணிக்கு வாசலில் பிரிந்தார்கள். அம்மா பால் பூத் வழியாக, காகு கோயில் வழியாக, ஒரே வீட்டுக்கு வந்தார்கள். ஆறு வருஷம்.

சிரிப்பு வட்டத்தில் ஒரு பயிற்சி இருக்கிறது. பிதற்றல் என்பார்கள். அர்த்தமே இல்லாத சத்தங்களில் ஒருவரோடு ஒருவர் சண்டை போட வேண்டும், கதை அடிக்க வேண்டும், காய்கறி பேரம் பேச வேண்டும். நிஜ வார்த்தை வாயில் வந்தால் தோற்றதாகக் கணக்கு. முதலில் எல்லோருக்கும் அது கூச்சம். காகுவுக்கு அப்படியில்லை. இரண்டு வருஷமாக அவரை யாராலும் ஜெயிக்க முடியவில்லை. தயங்காமல், ஏற்ற இறக்கத்தோடு, நிமிஷக் கணக்கில் பொழிவார். போன ஆண்டு விழாவில் அவருக்குப் பிதற்றல் ராணி என்று பட்டம் கொடுத்து, ஸ்டீல் டப்பா ஒன்றும் பரிசளித்தார்கள். பரிசு வாங்கி அவர் என்னவோ பேசினார். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அது பிதற்றல் இல்லை. அவர் நன்றி சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமை மந்தார் அண்ணன் கீழே இறங்கிப் போனதும் அம்மா என்னிடம் சொன்ன முதல் பேச்சு அதுதான். "நானும் கைதட்டினேன், மிருணா. நல்லா தட்டினேன்."

அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

*

வெள்ளிக்கிழமை விடிகாலை காகுவை பெங்களூருக்கு அழைத்துப் போவதாக முடிவாகியிருந்தது. வியாழக்கிழமைதான் பூங்காவில் அவருக்குக் கடைசி நாள். வழக்கமாக நான் போவதில்லை. அன்று போனேன். அம்மா தானாகத் தலையை வாரி, செருப்பைப் போட்டுக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள்.

போகிற வழியில், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நிகேத் கோவமா போனானான்னு எனக்குத் தெரியணும்."

இரண்டு எட்டு நடந்ததும் மறுபடி சொன்னாள்.

"பதிமூணு வருஷம் எனக்குக் கேக்க பயம். கோவமாத்தான் போனான்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு. இப்ப அவங்களுக்குச் சொல்ல வார்த்தை இல்ல. இன்னிக்கு விட்டா அவங்களும் இல்ல."

வட்டத்தில் காகுவின் நோய் யாருக்கும் தெரியாது. மந்தார் அண்ணன் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றிருந்தான். அதனால் அவர்கள் உற்சாகமாக வழியனுப்ப வந்திருந்தார்கள். ஒருத்தி அலுமினியத் தாளில் புரண்போளி சுற்றி எடுத்து வந்திருந்தாள். பெங்களூரில் மருமகளிடம் மாட்டிக்கொள்ளப் போகிறாய், இங்கே சிரிக்கிற சிரிப்பையெல்லாம் சாம்பார் வைத்தே அடக்கிவிடுவார்கள் என்று ஒருத்தி கேலி செய்தாள். காகு அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். மாம்பழ நிறப் புடவை, நன்றாக இஸ்திரி போட்டது. அவரைப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது.

கைதட்டல், மூச்சு, சிங்கச் சிரிப்பு எல்லாம் முடிந்தன. தாம்லே டீச்சர் விசில் ஊதினார்.

"இன்னிக்கு ஸ்பெஷல். நம்ம ராணி நடுவுல வரட்டும். அஞ்சு நிமிஷம் அவங்க ஒருத்தர்தான். கடைசிப் பேருரை."

காகு ஓரடி பின்வாங்கினார். இரண்டு பேர் செல்லமாக முதுகில் கைவைத்து அவரை நடுவில் தள்ளிவிட்டார்கள்.

அவர் எல்லோரையும் சுற்றிப் பார்த்தார். பிறகு பேச ஆரம்பித்தார். மெதுவாக, கைகளைக் கூப்பிக்கொண்டு. ஒரு சத்தமும் வார்த்தையில்லை. ஆனால் எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதெல்லாம் சரியாக இருந்தது. அவர் விடைபெற்றுக்கொண்டிருந்தார். தாம்லே டீச்சர் பக்கம் திரும்பி எதற்கோ நன்றி சொன்னார். ஒரு இடத்தில் குரல் உடைந்தது.

முப்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன நடிப்பு என்று என் பக்கத்திலிருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காகு பேச்சை நிறுத்தினார். சிரிப்பு இன்னும் கூடியது.

அப்போதுதான் அம்மா வட்டத்தை விட்டு நடுவில் போனாள். காகுவின் கூப்பிய கைகளைத் தன் இரண்டு கைகளாலும் மூடினாள்.

"போதும், வஹினி. வாங்க வீட்டுக்குப் போலாம்."

பதின்மூன்று வருஷத்தில் அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தைகள். ஓரகத்தியை அண்ணி முறையில் வஹினி என்று அவள் அழைத்து நான் கேட்டே எத்தனையோ காலமாகிவிட்டது. இருவரும் பேசிக்கொள்ளாதது வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்று அதையும் அவர்கள் பயிற்சியின் ஒரு பகுதியென்றே எடுத்துக்கொண்டார்கள். ராணியைத் தோழி கடத்திப் போகிறாள் என்று யாரோ சொல்ல, வட்டமே கைதட்டியது. இரண்டு பேரும் கையைப் பிடித்தபடி வாசலை நோக்கி நடந்தார்கள். முதுகுக்குப் பின்னால் ஹோ ஹோ ஹா ஹா ஹா என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது.

அன்று இருவரும் பால் பூத் வழியாகத்தான் வந்தார்கள்.

*

கீழ்வீட்டுச் சமையலறை நான் நினைத்திருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. கடைசியாக அங்கே வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. மந்தார் அண்ணன் உள்ளறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். அம்மாவைப் பார்த்ததும் கையில் மடித்த போர்வையோடு அப்படியே நின்றான். பிறகு மறுபடி பெட்டி பக்கம் போய்விட்டான்.

அம்மாவே டீ வைத்தாள். சர்க்கரை எந்த டப்பாவில் என்று அவளுக்குத் தெரியவில்லை. காகு எடுத்துக் கொடுத்தார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து குடித்தார்கள்.

"வஹினி, நான் உங்கள ரொம்பப் பேசிட்டேன்."

காகு வேண்டாம் என்பதுபோல் கையை அசைத்தார்.

"சாவி குடுத்தது தப்பில்ல. கேட்டா யாரா இருந்தாலும் குடுத்திருப்பாங்க. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் பேசினேன். யாரையாவது பேசணும்போல இருந்துச்சு."

காகு டம்ளரைக் கீழே வைத்தார். முகம் கோணியது. அழவில்லை. அம்மா அதற்கு நின்றால் தன்னால் கேட்க முடியாது என்று நினைத்தாளோ என்னவோ, மூச்சு விடாமல் கேட்டுவிட்டாள்.

"போறப்ப அவன் என்ன சொல்லிட்டுப் போனான்?"

காகு நிமிர்ந்தார். அந்தக் கண்களைப் பார்த்தபோது அவருக்கு எல்லாம் நினைவிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தார். சத்தங்கள் வந்தன, ஒன்றன் மேல் ஒன்றாக. நிறுத்தினார். மறுபடி தொடங்கினார். தன் வாயிலிருந்து வருவது தப்பு என்று அவருக்கே கேட்டது. நெற்றியில் உள்ளங்கையால் அடித்துக்கொண்டார். எழுதச் சொல்லலாம் என்று பேனாவைக் கொடுத்தேன். கோடுகள்தான் வந்தன.

பிறகு நான் ஒரு தவறு செய்தேன். ஆம், இல்லை என்று தலையாட்டுகிற மாதிரி கேள்விகளாகக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியது. சரியான யோசனை என்றே நினைத்தேன். எளிதிலிருந்து தொடங்கலாம் என்று மனசுக்குள் ஒரு வரிசையும் போட்டேன். நான் வரிசையைச் சொல்லி முடிப்பதற்குள் அம்மா முதல் கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

"என் மேல கோவமா போனானா?"

காகு ஆம் என்று தலையாட்டினார்.

அம்மா அசையவில்லை. டீயின் மேல் ஆடை படிந்துகொண்டிருந்தது. இந்த ஒன்றுக்குத்தான் பதின்மூன்று வருஷம் அவள் கதவைச் சாத்தி வைத்திருந்தாள். நான்தான் அந்தக் கதவைத் திறக்க வழி சொல்லிக் கொடுத்தேன்.

எதையாவது சொல்லி மாற்ற வேண்டும் என்று அவசரமாகக் கேட்டேன். "காகு, அவன் சிரிச்சுக்கிட்டு போனானா?"

அதற்கும் ஆம் என்று தலையாட்டினார்.

"காகு, இன்னிக்கு ஞாயித்துக்கிழமையா?"

ஆம்.

ஆமும் இல்லையும்கூட அவருக்குக் கலந்துபோயிருந்தன. அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு நிமிஷத்துக்குள் அவளுடைய மகன் கோபமாகவும் போயிருந்தான், சிரித்துக்கொண்டும் போயிருந்தான். இரண்டுக்கும் ஒரே தலையசைப்பு.

"விடு, மிருணா. கேட்டது போதும்," என்றாள். எழுந்து டம்ளர்களைக் கழுவப் போனாள்.

காகு அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

பலமாகவே இழுத்தார். அம்மாவைப் பழைய இடத்தில் உட்கார வைத்துவிட்டு, வாசல் கதவருகே போய் எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். தோள்களைத் தளர்த்தி, எடையை ஒற்றைக் காலில் போட்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்தார். அறுபத்தெட்டு வயது உடம்பு. ஆனால் நிலைக்கதவில் அப்படிச் சாய்ந்து நிற்கிறவனை எனக்குத் தெரியும்.

பிறகு அவர் ஒற்றை விரலை நீட்டி, மூக்கால் பேசத் தொடங்கினார். ஒரு வார்த்தை இல்லை. ஆனால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் குரல் மேலே ஏறி, வெடுக்கென்று நின்றது. நடுவில் ஒரு பெருமூச்சு. மறுபடி விரல். மழையில் போகாதே, சளி பிடிக்கும், யாருக்கு நான் செய்கிறேன், எல்லாம் என் தலையெழுத்து. என் அம்மா திட்டுவது அப்படியே.

அம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"இது அவன்," என்றாள். "என்னை மாதிரி பேசிக் காட்டறான்."

என் பக்கம் திரும்பினாள்.

"கோவம் இருந்தா கிட்டயே வரமாட்டான். கோவம் போனப்புறம்தான் என்னை மாதிரி பேசிக் காட்டுவான். அப்பாகிட்டக் காட்டுவான், உங்கிட்டக் காட்டுவான். படி எறங்கறதுக்குள்ள போயிடுச்சு அவன் கோவம்."

நான் இதை அப்படியே நம்ப ஆசைப்படுகிறேன். காகு நிகேத்தைத்தான் நடித்துக் காட்டினாரா, இல்லை பதின்மூன்று வருஷம் மாடியிலிருந்து கேட்ட அம்மாவின் குரலையே திருப்பிக் கொடுத்தாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள், அப்பா போன அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பூங்காவில் ஆறு வருஷம் சிரித்ததில் ஒரு நாள்கூட அவள் முகம் இவ்வளவு இளகியதில்லை.

காகு முடிக்கவில்லை.

விரலை மடக்கினார். நேராக நின்றார். கேலி முகத்திலிருந்து போய்விட்டது. ஒரு கையால் மேலே, எங்கள் மாடியைக் காட்டினார். பிறகு தாழ்ந்த குரலில், மெதுவாக, சின்னதாக ஒன்றைச் சொன்னார். கேட்டபடி எழுதினால், 'மோத்தரெ லுமி யாஸா' என்று வரும்.

அம்மா அழுகையை நிறுத்தினாள்.

"அதுக்கப்புறம் இதையும் சொன்னானா? எனக்குச் சொல்லச் சொன்னானா?"

காகு தலையாட்டவில்லை. தன் தலையாட்டலை அவரும் நம்பவில்லைபோல. மாடியைக் காட்டினார். அம்மாவின் நெஞ்சில் கைவைத்தார். மறுபடி சொன்னார். அதே சத்தங்கள், அதே இடத்தில் தாழ்வு, அதே இடத்தில் இழுப்பு. அன்று காலையிலிருந்து அவர் எதையும் இரண்டு தடவை ஒரே மாதிரி சொல்லவில்லை. இதைச் சொன்னார்.

"மோத்தரெ," என்றாள் அம்மா.

காகு அடுத்ததைச் சொன்னார். அம்மா திருப்பிச் சொன்னாள். ஒரு இடத்தில் அம்மா தப்பாக இழுக்க, காகு அவள் தாடையைப் பிடித்துத் திருத்தினார். மறுபடி முதலிலிருந்து. கழுவாத டம்ளர்களுக்கு நடுவே இரண்டு பேரும் முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தார்கள்.

மந்தார் அண்ணன் எப்போது வாசலில் வந்து நின்றான் என்று தெரியவில்லை. கையில் பெட்டி கட்டுகிற கயிறு.

"என்ன சொல்றீங்க, சித்தி, ரெண்டு பேரும்?"

"நிகேத் சொல்லிட்டுப் போனத."

"என்ன சொல்லிட்டுப் போனான்?"

"இன்னும் தெரியல," என்றாள் அம்மா. காகுவின் கையை விடாமல் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "நாளைக்கு எப்படிடா இவங்களைக் கூட்டிட்டுப் போவே?"

அவன் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். காகு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.